மின்கம்பத்தில் என்ன மணக்கும்?

தான் சமைக்கிற சாப்பாடு அடுப்பில் கொதிக்கும்போது எப்படி மணக்கும் என்று ஐம்பது வயதுவரை தெரியாமல் இருந்த மனிதர் அவர். இத்தனைக்கும் சமையல்காரர், அதுவும் ஊரில் பெயரெடுத்த சமையல்காரர். சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அவருடைய தமையன் அங்கே பூசை செய்பவர், இவர் மடைப்பள்ளியில் சமைப்பவர். அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நைவேத்தியம் சமைப்பவர் வெள்ளைத் துணியால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்க வேண்டும். எச்சில் தெறிக்கக்கூடாது என்பதற்காக மட்டுமல்ல, சாமி அனுபவிக்குமுன் மனிதன் அந்த மணத்தை அனுபவிக்கக்கூடாது. மணந்துவிட்டால் அதுவும் எச்சில்தான். உப்புப் பார்ப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பொங்கலும் மோதகமும் கைக்கணக்கில் ஏறி, கண்ணளவில் இறங்கும். துணிக்குள்ளால் கொஞ்சம் மணம் வரத்தான் செய்யும். அதை மனத்தில் எடுக்காமல் இருக்கச் சின்னச் சின்னதாக மூச்சு விட்டுப் பழகியவர் அவர். வீட்டில் சமையல் அண்ணியுடையது. கலியாணமும் கட்டவில்லை.

அப்படிப்பட்டவரை வேலணையில் இருந்த எங்கள் முறுக்குத் தொழிற்சாலைக்குக் கூட்டிவந்தது முதலாளி. கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து, சாட்டிப் பக்கம் போகிற வீதியில் ஒரு பழைய அரிசி ஆலையை வாங்கி, முறுக்கும் மிக்சரும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். கனடா அண்ணை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "ஐயர் கைபட்ட சாமான் எண்டால் அங்க சனம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்" என்பது அவருடைய எண்ணம். நான் பொதி கட்டும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். வாய் நீளம் என்பதால் கிடைத்த பொறுப்பு என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். பொய்யில்லை.

ஐயா வந்த முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிடாரத்தில் மாஜரீன் உருகிக்கொண்டிருந்தது. கனடா அண்ணை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கானைத் திறந்து பட்டர் எசென்ஸை அதற்குள் ஊற்றினார். பொரித்த முறுக்கை அதில் பிரட்டினால்தான் "பட்டர் முறுக்கு". சூட்டில் பட்டதும் குப்பென்று மணம் எழும்பியது. ஐயா பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைக் கட்டப் போனார். போன கை நடுவில் நின்றது.

"இது ஆருக்கு?" என்று கேட்டார்.

"கடைக்கு ஐயா. கனடாவுக்குப் போறது."

"சாமிக்கு இல்லையே?"

"உதென்ன கதை ஐயா? முறுக்குக்கு என்ன சாமி?"

துண்டு திரும்பவும் தோளுக்குப் போனது. கிடாரத்துக்கு மேலே குனிந்து, முகத்தை ஆவிக்குள் விட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். சாட்டிக் கடற்கரைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா வந்து முதன்முதலில் கடலைக் காண்கிற வன்னிக் காட்டூர்ப் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் நிமிர்ந்தபோது.

"மணக்குது பிள்ளை!" என்றார் என்னைப் பார்த்து. ஏதோ நான்தான் ஒளித்து வைத்திருந்து எடுத்துக் கொடுத்ததைப் போல.

அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் மணந்து பார்க்காத பொருள் இல்லை. தேத்தண்ணீர் வந்தால் குடிக்குமுன் மூக்கு. புதுப் பொலித்தீன் கட்டு வந்தால் மூக்கு. மழை பெய்து மதில் நனைந்தால் அதற்கும் மூக்கு. குறிகட்டுவான் இறங்குதுறையில் கருவாடு காயப்போட்டிருக்கும். அந்தப் பக்கம் அவர் போகத் தேவையே இல்லை, போய் நிற்பார். "ஐயர் செய்யிற வேலையோ இது?" என்று கேட்டால், "தின்னத்தானே ஏலாது, மணக்கிறதுக்கு என்ன?" என்பார். என்னைக் கடந்து போகும்போது ஒருநாள், "தலையெண்ணெய் பழசு பிள்ளை, மாத்தும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மாற்றினேன்.

இவ்வளவு வேலை வாங்கினாலும் அது ஒன்றும் பெரிய திறமான மூக்கு இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஒரு காலை தொழிற்சாலைக்குள் நுழைந்தவுடனேயே "ஆஹா, மல்லிகை பூத்திருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கக்கூஸ் கழுவ ஊற்றிய மருந்து அது. நாங்கள் சிரித்த சிரிப்பில் முறுக்கு ஒரு தட்டு நொறுங்கிப் போனது. அவர் வெட்கப்படவே இல்லை. "மல்லிகையெண்டே வைச்சுக்கொள்ளுவம்" என்றுவிட்டு இன்னொருமுறை இழுத்தார்.

எசென்ஸ் கலக்கும் அறை சின்னது. கடல்காற்று அடுப்பை அணைக்கிறது, மணல் வந்து விழுகிறது என்று யன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். நாங்கள் உள்ளே போனால் கண் எரியும், சாமானை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவோம். ஐயா அங்கேயே நிற்பார். ஒவ்வொரு கிடாரத்துக்கும் குனிவார். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வரவே இல்லை. எசென்ஸ் போதுமா, காணாதா என்பதெல்லாம் முகத்தை உள்ளே விட்டு இழுத்துத்தான். அது பிழை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கெட்டது நாறும், நல்லது மணக்கும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. நெய் மணந்தால் நல்ல சகுனம் என்று நினைக்கிற சனம் நாங்கள்.

கனடா அண்ணை எல்லாருக்கும் முகக்கவசம் வாங்கித் தந்திருந்தார். நாங்கள் போட்டோம். ஐயாவுடையது ஆணியில் தொங்கியது.

"ஐயா, அது உங்களுக்குத்தான் தந்தது, ஆணிக்கில்லை" என்பேன்.

"முப்பது வருசம் கட்டின வாய் பிள்ளை. அது அவருக்குக் கட்டினது. முறுக்குக்கும் அதைக் கட்டினால் பேந்து அவருக்கும் முறுக்குக்கும் என்ன வித்தியாசம்?"

"நீங்கள் தும்மினால் அது கனடாவரைக்கும் போகும், அதுதான் வித்தியாசம்."

சிரிப்பார். கட்டமாட்டார். சாமிக்குக் கட்டுகிற துணியை வியாபாரத்துக்குக் கட்டுவது அபசாரம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதோடு, எத்தனையோ வருடம் கட்டிப்போட்டு வைத்திருந்த மூக்குக்கு இப்போதுதான் விடுதலை. அதைத் திரும்பக் கட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? அது எனக்குப் புரிந்தது, அதனால் அதிகம் வற்புறுத்தவில்லை.

காலையில் நயினாதீவிலிருந்து படகு, குறிகட்டுவானிலிருந்து பஸ். பின்னேரம் அதே வழியில் திரும்புவார். எவ்வளவு முழுகினாலும் அவரில் பட்டர் மணம் போகாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கைக்குப் போட்டி. "ஐயா, இரவில நெய்ச்சட்டிக்குள்ளயோ படுக்கிறனீங்கள்?" என்று கொண்டக்டர் கேட்பான். ஐயாவுக்கு அதில் பெரிய பெருமை.

இரண்டாம் வருடம் போல, பஸ்ஸால் இறங்கி நாங்கள் சேர்ந்து தொழிற்சாலைக்கு நடந்துவருகிற ஒழுங்கையில் ஐயா மெல்ல மெல்லப் பிந்தத் தொடங்கினார். காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்தோம். வேலிக்கு வேலி நிற்பார். பூவரசில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து நிற்பார். "இதை மணந்து பாரும் பிள்ளை" என்பார். நான் அவசரத்தில் மணந்து பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லை, நேரம் போகுது, வாங்கோ" என்று இழுத்துப் போவேன். பத்தடி தாண்டி வேம்பில் நிற்பார். பிறகு யாரோ வீட்டு ஆட்டுக்கொட்டிலில் நிற்பார். வறட்டு இருமல் ஒன்றும் கூட வந்தது. "புகை பிள்ளை, அடுப்புப் புகை" என்பார். மடைப்பள்ளியில் வெந்தவருக்கு இந்தப் புகை எம்மாத்திரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை அவர் மின்கம்பத்தில் நின்றார்.

வெறும் கொங்கிறீட் கம்பம். பக்கத்தில் பூ இல்லை, செடி இல்லை, ஆடு கூட இல்லை. ஒரு கையைக் கம்பத்தில் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஐயா, லைற் போஸ்ற்றில என்ன மணக்குது?" என்று நான் பகிடி விட்டேன்.

அவர் நிமிரவே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை.

அந்த ஒழுங்கை முழுவதும் ஒருமுறை கண்ணுக்குள் ஓடியது. அவர் நின்ற வேலிகளில் பாதிக்கு மேல் பூவே இருந்ததில்லை! மணந்து பார்க்கிறார் என்று நாங்கள் சிரித்த இடமெல்லாம் மனுசன் மூச்சு வாங்க நின்றிருக்கிறார். ஊரறிந்த தன்னுடைய பழக்கத்துக்குள்ளேயே தன் வருத்தத்தை ஒளித்து வைத்திருக்கிறார்.

பக்கத்து மதகில் இருத்தினேன். "எவ்வளவு காலமாய் இது?" என்று கேட்டேன். அதட்டித்தான் கேட்டேன்.

மூச்சு வந்தபிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன திருவிழாவுக்கு மடைப்பள்ளியில கைகுடுக்கப் போனனான் பிள்ளை. துணியைக் கட்டினவுடன மூச்சு முட்டிச்சு. பொறுத்துப் பார்த்தன், ஏலாமல் போச்சு. துணியை இழுத்துப்போட்டு வாயைத் திறந்து... நைவேத்தியத்துக்கு மேல மூச்சு எடுத்தனான். அந்தப் பொங்கலை ஆருக்கும் சொல்லாமல் கொண்டுபோய்க் கடலில கொட்டினனான். பூசை செய்யிற அண்ணைக்குக் கூடத் தெரியாது."

"அப்பவே டொக்குத்தரிட்டப் போயிருக்கலாமே?"

"டொக்குத்தர் என்ன செய்வார்? இது பிள்ளையார் தாற தண்டனை. முப்பது வருசம் அடக்கி வைச்ச மூக்கு, வெளிய வந்தவுடன அவிட்டுவிட்ட மாடு மாதிரி மேஞ்சுது. அவர் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்?"

"ஐயோ ஐயா, விசர்க்கதை கதையாதேங்கோ! பிள்ளையாருக்கே எவ்வளவு பெரிய மூக்கு. மணந்ததுக்கு அவர் கோவிப்பாரோ?"

வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்றைக்கு முகம் அசையவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. மூச்சு போவதை விட, இதைத் தான் அனுபவிக்கத்தான் வேண்டும் என்று அவர் தலையைக் கொடுத்துவிட்டு இருக்கிறாரே, அதுதான் பயம்.

ஒருபடியாக உள்ளூரில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனேன். முட்டு, அதுதான் ஆஸ்துமா, என்றார், வாய்க்குள் அடிக்கிற பம்ப் ஒன்று தந்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. நெஞ்சு சுத்தம் என்றார்கள். வேறு யாரென்றாலும் அதைக் கேட்டுச் சந்தோசப்படுவார்கள். ஐயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பாத்தீரோ பிள்ளை? படத்தில விழாத வருத்தம் ஆர் தந்ததெண்டு இப்ப தெரியுதோ?"

பம்பை ஒழுங்காக அடித்தும் ஒரு சுகமும் இல்லை. அதுவும் அவருக்குச் சாட்சியாகப் போனது. இனி ஒரு டொக்டரிடமும் வரமாட்டேன் என்று ஒரே பிடி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "யாழ்ப்பாணத்து நெஞ்சுக் கிளினிக்குக்கு என்னோட வாறியளோ, இல்லை பொங்கல் கடலுக்குப் போன கதையை நான் உங்கட அண்ணையிட்டப் போய்ச் சொல்லட்டோ?" என்றேன். மனுசன் மறுபேச்சில்லாமல் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர், இளம் வயது. ஐயாவின் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்து மூக்கைச் சுருக்கினார்.

"ஐயா, உங்களில பட்டர் மணக்குது."

"ஓம்" என்றார் ஐயா. அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடுதான்.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. கோயில் ஐயரைப் பார்த்து யார் வேலை என்ன என்று கேட்பார்கள்? ஐயா வாய் திறக்குமுன் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எசென்ஸை சூடாக்குவதோ, யன்னல் இருக்கோ, எவ்வளவு கிட்ட நிற்பவர் என்று டொக்டர் கேட்டுக்கொண்டே போனார். எவ்வளவு கிட்ட என்பதற்கு ஐயா டொக்டரின் மேசைமேல் குனிந்து, முகம் மரத்தில் முட்டும்வரை குனிந்து, செய்து காட்டினார். டொக்டரின் முகம் மாறிவிட்டது.

குழாய்க்குள் ஊதச் சொன்னார்கள். ஸ்கான் எடுத்தார்கள். திரும்ப வரச் சொன்ன நாள் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்துகொண்டே திரிந்தேன்.

திரும்பப் போன அன்று டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சுவாசப்பையின் நுனியில் நூல் மாதிரிச் சின்னக் குழாய்கள் இருக்கின்றனவாம். அதில் தழும்பு விழுந்து ஒடுங்கிவிட்டது. சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும். தழும்பைப் பம்ப் விரிக்காது. "பட்டர் மணத்துக்கு அந்த எசென்ஸில போடுற இரசாயனம் சூடாகி ஆவியாய் உள்ள போனால் இப்பிடிச் செய்யும். வெளிநாட்டுத் தொழிற்சாலையளில இதை முந்தியே கண்டிருக்கினம். முறுக்கைத் தின்னுறவைக்கு வாறேல்லை ஐயா. கிட்ட நிண்டு அந்த ஆவியை இழுக்கிறவைக்கு வாறது."

ஐயா முன்னுக்குக் குனிந்தார். "அப்ப இது... சாமி தந்தது இல்லையோ?"

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். "இல்லையெண்டு வடிவாய்ச் சொல்லுங்கோ டொக்டர்" என்றேன்.

"சாமி இல்லை ஐயா. கானுக்குள்ள இருந்தது."

ஐயா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டொக்டர் பாவம், போன மூச்சு திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், இனி அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது, புகைக்குள்ளும் நிற்கக்கூடாது, இன்னும் பிந்தியிருந்தால் நிலைமை வேறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இவர் கண்ணீரைத் துடைத்துத் துடைத்து, "ஓம், ஓம், நல்லது, நல்லது" என்று சிரிக்கிறார். மனுசனுக்குச் சொன்னது ஏறவில்லையோ என்று டொக்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னார்.

வெளிக்கிடுமுன் நான் ஒன்று கேட்டேன். "முகக்கவசம் போட்டிருந்தால் தப்பியிருப்பாரோ டொக்டர்?"

"துணிக் கவசம் தூளைத்தான் மறிக்கும். ஆவியை மறிக்காது."

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அத்தனை காலம் பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து ஒரே பார்வை, ஒரு சிரிப்பு. பஸ்ஸில் வரும் வழி முழுவதும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

கனடா அண்ணையிடம் நான்தான் போனேன். கேட்டு முகம் வெளிறிப் போனார். "சாப்பாட்டுக்குப் போடலாமெண்டுதானே தங்கச்சி கானில போட்டிருக்கு?" என்றார். "தின்னலாமெண்டு போட்டிருக்கு அண்ணை. மூச்சில இழுக்கலாமெண்டு போட்டிருக்கோ?" என்றேன். அதைப் போடாவிட்டால் கனடாவில் யார் வாங்குவார்கள் என்று முனகினார். நாங்கள் பெண்கள் எல்லாரும் வாசலில் போய் இருந்துகொண்டோம். கடைசி மஞ்சள் கான் வெளியே போகும்வரை ஒருவரும் உள்ளே காலடி வைக்கவில்லை. பிறகு யன்னல்கள் திறந்தன. ஓமம் போட்ட வெறும் முறுக்குத்தான் கனடாவுக்குப் போனது. கொஞ்ச நாள் முறைப்பாடு வந்தது, பிறகு அதுவும் நின்றது. டொக்டர் சொன்னபடி நாங்கள் எல்லாரும் போய்க் குழாய் ஊதினோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள். அன்றைக்குக் கிளினிக் வாசலில் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு லேசாகிறது.

ஐயா வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். நான் வவுனியாவுக்கு மாறிப் போகுமுன் அவரைக் கடைசியாகப் பார்த்தது அடுத்த திருவிழாவில். நயினாதீவுக்குப் படகில் போய் இறங்கினேன். கோயிலில் மடைப்பள்ளிக்கு இப்போது தமையனின் மகன். துணி கட்டிக்கொண்டு அவன்தான் சமைக்கிறான். ஐயா புகை படாத தூரத்தில், தேர்முட்டி நிழலில் கதிரை போட்டு இருந்தார். மெலிந்துதான் போயிருந்தார். இருமல் குறைந்திருந்தது.

"அண்ணையிட்டச் சொல்லிப்போட்டன்" என்றார் என்னைக் கண்டதும். தமையனார் பின்னால் நின்றார். "விசரன். பொங்கல் கொட்டின கதையை அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருந்தால், ஒரு பிராயச்சித்தத்தைச் செய்துபோட்டு டொக்குத்தரிட்ட அனுப்பியிருப்பன். நாங்கள் என்ன மூச்சு முட்டிச் சாகச் சொல்லியோ துணி கட்டுறனாங்கள்?" என்று எனக்கு முன்னாலேயே பேசிவிட்டுப் பூசைக்குப் போனார்.

பூசை முடிந்து மோதகம் வெளியே வந்தது. சாமிக்குக் காட்டியாயிற்று, இனி யாரும் மணக்கலாம். சுடச்சுட ஒன்றை வாழையிலைத் துண்டில் வைத்து ஐயாவிடம் கொடுத்தார்கள். அவர் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பழைய மாதிரி நெஞ்சு நிறைய இழுக்க ஏலாது. பாதியில் நின்றது. நிறுத்தி, பொறுத்து, திரும்பவும் கொஞ்சம் இழுத்தார். நானும் என்னை அறியாமல் அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நெய் பிள்ளை" என்றார். "நல்ல நெய்."

படகடி வரைக்கும் வந்து விடுகிறேன் என்று பிடிவாதமாக என்னோடு நடந்தார். கதைத்துக்கொண்டே வந்தோம். இறங்குதுறைக்குப் போகிற வீதியில் ஒரு மின்கம்பம். ஐயா அதில் கையை ஊன்றி நின்றார்.

நான் அவர் தோளைப் பிடித்தேன். "என்ன ஐயா?"

பொறும் என்று கையைக் காட்டினார். மூச்சு வந்தபிறகு நிமிர்ந்து சொன்னார்.

"மூச்சுக்கு நிக்கிறன் பிள்ளை. லைற் போஸ்ற்றில மணக்க என்ன கிடக்கு?"

நான் சிரித்தேன், கண் நிறைந்துவிட்டது. அவரும் சிரித்தார், சிரிப்புக்கும் கொஞ்ச மூச்சுப் போனது, அதற்காகவும் நின்றார். இறங்குதுறையில் படகு புறப்படப் போகிறது என்று ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும், அடுத்ததில் போகலாம் என்று நானும் அந்தக் கம்பத்தில் சாய்ந்துகொண்டேன்.